பூனைக்குத் தைராய்டு: லேப் ரிப்போர்ட் ‘நார்மல்’ என்கிறது, டாக்டர் ‘அதிகம்’ என்கிறார்

திருச்சியிலிருந்து வந்த கேள்வியின் சுருக்கம்: வீட்டில் 13 வயதுப் பெண் பூனை. ஆறேழு மாதத்தில் 4.2 கிலோவிலிருந்து 3.1 கிலோவுக்கு இளைத்துவிட்டது. ஆனால் முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறது, தண்ணீரும் நிறையக் குடிக்கிறது, அடிக்கடி வாந்தி, ராத்திரியில் வீடு முழுக்கச் சுற்றிக் கத்துகிறது. மனிதர்களுக்கான லேபில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் டி4 8.6, டிஎஸ்ஹெச் 0.01-க்கும் கீழே, கிரியாட்டினின் 1.5. டி4-க்கு எதிரே ‘நார்மல்’ என்று அச்சாகியிருக்கிறது. டாக்டரோ தைராய்டு அதிகம் என்று சொல்லி கார்பிமசோல் 5 மி.கி. காலையும் மாலையும் எழுதிக்கொடுத்தார். ஐந்தாம் நாளிலிருந்து சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போய்விடுகிறது, வாந்தியும் கூடிவிட்டது. வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்திருக்கும் தங்கைதான் மாத்திரையைப் பொடித்து மீனில் கலந்து கொடுக்கிறார். அப்பா, “வயசாயிடுச்சு, விட்டுடு, ஏன் போட்டுப் படுத்துற” என்கிறார். மருந்தைத் தொடரலாமா, சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியுமா, பூனை இன்னும் எத்தனை நாள் இருக்கும்?

வணக்கம். முதலில் ஓர் அவசர விஷயம், மற்றதெல்லாம் பிறகு. உங்கள் தங்கை இனி அந்த மாத்திரையைத் தொட வேண்டாம். கார்பிமசோல் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய மருந்து. மேல்பூச்சுள்ள முழு மாத்திரை என்றால் அந்தப் பூச்சு ஓரளவு காப்பாற்றும். பொடிக்கும்போது அந்தத் தூள் கையில் ஒட்டும், மூச்சிலும் போகும். வேறு யாராவது கையுறை போட்டுக் கொடுங்கள், கொடுத்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனையின் மண் தட்டைச் சுத்தம் செய்யும் வேலையும் அவருக்கு வேண்டாம். மருந்தின் மிச்சம் சிறுநீரில் வெளியேறும். பூனையின் மலத்தில் இருக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி தொற்றும் பயமும் கர்ப்பிணிகளுக்கு உண்டு. இன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். உங்கள் டாக்டர் சொன்னதுதான் சரி. தைராய்டு சுரக்கும் டி4 என்ற ஹார்மோன் மனிதருக்கும் பூனைக்கும் ஒன்றேதான், ஆனால் ரத்தத்தில் இருக்க வேண்டிய அளவு வேறு. மனிதர்களுக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 5 முதல் 12 மைக்ரோகிராம் வரை சாதாரணம். பூனைக்கு, லேபைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும், சுமார் 0.8 முதல் 4 அல்லது 4.7 வரைதான். மனிதர்களுக்கான லேபின் கணினி, ரத்தம் யாருடையது என்று பார்த்து வரம்பை மாற்றுவதில்லை. மனித வரம்பையே அச்சிட்டு, பக்கத்தில் ‘நார்மல்’ என்று போட்டுவிடும். 8.6 என்பது பூனைக்கு மேல் வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இளைப்பு, பசி, வாந்தி, இரவுக் கத்தல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டைத் தூண்டும் ஹார்மோனின் எண்ணை அடித்துவிடுங்கள். மனித டிஎஸ்ஹெச் கிட் பூனையின் டிஎஸ்ஹெச்சைச் சரியாக அடையாளம் காணாது. பூனைகளுக்கு அதை அளக்க வேண்டியிருந்தால் பெரும்பாலும் நாய்களுக்கான கிட்டைப் பயன்படுத்துகிறார்கள். இந்த 0.01-ஐ வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அடுத்த முறை ரத்தம் எடுக்கும்போது கால்நடைகளுக்கான லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே வரும் டி4 வேறு அலகில், லிட்டருக்கு நானோமோல் என்று இருந்தால் பதற வேண்டாம். 1 மைக்ரோகிராம் என்பது அதில் சுமார் 12.9. முடிந்தவரை ஒரே லேபிலேயே எடுத்தால் போன முறைக்கும் இந்த முறைக்கும் ஒப்பிட முடியும்.

இந்த நோய் வயதான பூனைகளுக்கு வரும் ஹார்மோன் நோய்களில் முதலிடத்தில் இருப்பது. 1979-இல்தான் நியூயார்க்கில் இதைத் தனி நோயாக முதன்முதலில் விவரித்தார்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கு மேல். கழுத்தில் மூச்சுக்குழாயின் இருபக்கமும் இருக்கும் தைராய்டு சுரப்பியில் ஒன்றோ இரண்டுமோ வீங்கி, மூளையின் கட்டளைக்குக் காத்திராமல் தன்பாட்டுக்கு ஹார்மோனைக் கொட்டிக்கொண்டே இருக்கும். பத்தில் ஏழு பூனைகளுக்கு இரண்டு பக்கமும் வீங்கியிருக்கும். கட்டி என்றதும் புற்றுநோயோ என்று பயம் வரும். நூறில் இரண்டு மூன்று பூனைகளுக்குத்தான் அப்படி, மீதி எல்லாம் சாதுவான வீக்கம். ஏன் வருகிறது என்பதற்கு டின் உணவு, உணவில் அயோடின் ஏற்ற இறக்கம், சோபா மெத்தைகளில் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனம் என்று பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள், எதுவும் உறுதியாகவில்லை. நீங்கள் ஊட்டிய ஏதோ ஒன்றால் வந்தது என்று மனதை வருத்திக்கொள்ள வேண்டாம்.

டாக்டர் பூனையின் முகவாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் குரல்வளையிலிருந்து மார்பு நோக்கி மெதுவாக வழித்துக்கொண்டு வந்ததைப் பார்த்திருப்பீர்கள். நல்ல ஆரோக்கியமான பூனையில் விரலுக்கு எதுவும் தட்டுப்படாது. வீங்கிய சுரப்பி என்றால் விரலுக்கு அடியில் பச்சைப்பட்டாணி மாதிரி ஒன்று நழுவி ஓடும். இந்த நோயுள்ள பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது தட்டுப்படும். வீட்டில் அழுத்திப் பார்க்க வேண்டாம், பக்கத்திலேயே பெரிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன.

இனி அப்பா சொன்னது. வயசாகிவிட்டது என்பது உண்மை. ஆனால் வயது மட்டும் ஒரு பூனையை ஆறு மாதத்தில் ஒரு கிலோ இளைக்க வைக்காது. 4.2 கிலோவில் 1.1 கிலோ போனது நம் உடம்போடு ஒப்பிட்டால் 60 கிலோ ஆள் 44 கிலோவாக ஆனதற்குச் சமம். தின்றும் இளைக்கும் இந்தப் பூனை உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. இதயம் நிமிடத்துக்கு 220, 240 முறை அடிக்கும். தசையெல்லாம் கரையும். அதற்குச் சுகமாக இருக்காது, சும்மா விடுவதுதான் அதைப் படுத்துவது. மருந்து ஆரம்பித்து எடை ஏறி, முடி பளபளப்பாகி, ராத்திரி நிம்மதியாகத் தூங்கும் பூனையை அப்பா பார்த்தால் அவரே மனம் மாறுவார். எத்தனை நாள் என்று கேட்டீர்கள். சிறுநீரகம் நன்றாக இருந்து, மருந்து ஒத்துக்கொண்டால், ஆண்டுக் கணக்கில் என்று தைரியமாகச் சொல்லலாம். இந்த வயதில் பூனையின் ஆயுளைத் தைராய்டைவிடச் சிறுநீரகம்தான் அதிகம் தீர்மானிக்கிறது, அதற்குக் கீழே விரிவாக வருகிறேன்.

வாந்தியும் சாப்பிடாததும். இந்த மருந்தின் தொந்தரவுகள் பெரும்பாலும் முதல் நான்கு வாரத்துக்குள் வந்துவிடும். வாந்தி, பசியின்மை, சோர்வு மூன்றும்தான் சகஜம். 3.1 கிலோ பூனைக்கு எடுத்த எடுப்பில் முழு 5 மி.கி. இரண்டு வேளை என்பது சில பூனைகளுக்குத் தாங்காது. இன்றே டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். பொதுவாக ஓரிரு நாள் நிறுத்தி, வயிறு சமாதானமானதும் பாதி அளவில் தொடங்கி, படிப்படியாக ஏற்றுவார்கள். அளவை நீங்களே குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். பூனை ஒரு நாள் முழுக்க எதுவுமே தின்னவில்லை என்றால் போன் போதாது, தூக்கிக்கொண்டு போங்கள். பூனை பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து அதுவே தனி நோயாகிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கலாம். பொடித்த மாத்திரை சாப்பாட்டின் சுவையை மாற்றிவிடலாம். அதை மீனில் கலந்து வைத்ததும் உங்கள் பூனை மீனையே சந்தேகப்பட ஆரம்பித்திருக்கும். மருந்தை ஒருபோதும் முழுச் சாப்பாட்டில் கலக்காதீர்கள். பாதியைத் தின்று பாதியை விட்டால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்றும் தெரியாது. முதலில் மருந்தில்லாத சின்ன மீன் உருண்டை ஒன்று, அடுத்து மாத்திரை வைத்த உருண்டை, உடனே மருந்தில்லாத மூன்றாவது என்று சுண்டைக்காய் அளவில் மூன்றாகக் கொடுத்துப் பாருங்கள். நிறையப் பூனைகள் இந்த வரிசையில் மாட்டிக்கொள்ளும். வாயைத் திறந்து போட வேண்டியிருந்தால் பின்னாலேயே ஐந்து மில்லி தண்ணீரைச் சிரிஞ்சில், ஊசி இல்லாமல், கன்னத்தின் ஓரமாக விடுங்கள். வறட்டு மாத்திரை பூனையின் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு புண்ணாக்கிவிடும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்கக் கூடாது.

எந்த வழியிலும் மாத்திரை போகவில்லை என்றால் இதே வகை மருந்தான மெத்திமசோலைக் களிம்பாகச் செய்து காது மடலின் உட்புறம் தடவும் முறை உண்டு. வயிற்றுத் தொந்தரவு குறைவு, ஆனால் உடம்பில் ஏறும் அளவு பூனைக்குப் பூனை மாறும். செய்துதரும் மருந்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். தடவுபவர் கையுறை போடுவது கட்டாயம், தங்கை வீட்டில் இருக்கும்வரை அந்தக் காதை அவர் தடவிக்கொடுக்கவும் கூடாது.

சில அறிகுறிகள் வந்தால் மருந்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே காட்ட வேண்டும். முகத்தையும் கழுத்தையும் ரத்தம் வரும்வரை சொறிவது, ஈறோ காதின் உட்புறமோ மஞ்சளாவது, காய்ச்சல், ஈறிலோ மூக்கிலோ ரத்தக் கசிவு. முகச் சொறி வந்த பூனைக்கு மெத்திமசோலுக்கு மாற்றினாலும் பயனில்லை, ஏனென்றால் கார்பிமசோல் உடம்புக்குள் போய் மெத்திமசோலாகத்தான் மாறுகிறது. அப்படிப்பட்ட பூனைக்கு வேறு வழிதான் பார்க்க வேண்டும்.

மருந்துக் கடையில் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். கார்பிமசோல் 5 மி.கி.யும் மெத்திமசோல் 5 மி.கி.யும் ஒன்றல்ல. 5 மி.கி. கார்பிமசோல், சுமார் 3 மி.கி. மெத்திமசோலுக்குச் சமம். “அது இல்லை சார், இது இருக்கு, ரெண்டும் ஒண்ணுதான்” என்று மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். மற்றது இதைவிட ஆபத்தானது. பூனைத் தைராய்டு பற்றி இணையத்தில் தேடினால் பிரிட்டனில் விற்கும் ‘தைரோநார்ம்’ என்ற திரவ மருந்து கண்ணில் படும். அது பூனைகளுக்கான மெத்திமசோல், ஹார்மோனைக் குறைப்பது. நம் ஊரில் அதே ‘தைரோநார்ம்’ பெயரில் விற்பது மனிதர்களுக்கான லெவோதைராக்சின், ஹார்மோனைக் கூட்டுவது. நேர் எதிர் மருந்து. நம் வீடுகளில் அம்மாவோ அக்காவோ காலையில் வெறும் வயிற்றில் போடுகிற தைராய்டு மாத்திரை பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. பூனைக்கும் தைராய்டு, அம்மாவுக்கும் தைராய்டு, ஒரே டப்பாவில் வைத்துவிடலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு அலமாரியில் வையுங்கள்.

இனி சிறுநீரகம். இந்த நோயைச் சமாளிப்பதில் கஷ்டமான இடம் இதுதான், இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை தீரும். தைராய்டு ஹார்மோன் அதிகமானால் இதயம் வேகமாக அடிக்கும், சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தமும் கூடும். மோட்டார் முழு வேகத்தில் ஓடும்போது அடைப்புள்ள பழைய குழாயிலும் தண்ணீர் நன்றாக வருவதுபோல, பழுதுபட்ட சிறுநீரகமும் அப்போது வேலையைச் சமாளித்துவிடும். கிரியாட்டினின் என்பது தசையிலிருந்து வரும் கழிவு, அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். உங்கள் பூனைக்குத் தசை கரைந்திருப்பதால் அது இன்னும் குறைவாகத் தெரியும். ஆகவே இப்போதைய 1.5-ஐ வைத்துச் சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல முடியாது, கெட்டுவிட்டது என்றும் சொல்ல முடியாது.

மருந்தால் தைராய்டு அடங்கியதும் ரத்த ஓட்டம் பழைய நிலைக்கு வரும், அப்போது கிரியாட்டினின் ஏறலாம். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் “இந்த மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது” என்று நிறுத்திவிடுகிறார்கள். மாத்திரை கெடுக்கவில்லை, மறைந்திருந்தது வெளியே தெரிகிறது. முன்பெல்லாம் சிறுநீரகத்துக்கு உதவியாக இருக்கட்டும் என்று தைராய்டைக் கொஞ்சம் அதிகமாகவே விட்டுவைப்பது உண்டு. இப்போது அப்படிச் செய்வதில்லை; கட்டுப்படாத தைராய்டும் அதனால் ஏறும் ரத்த அழுத்தமும் நாளடைவில் சிறுநீரகத்தையே அரிக்கும். அதேபோல மருந்து அதிகமாகி டி4 வரம்புக்குக் கீழே போனாலும் சிறுநீரகம் அடி வாங்கும். அதனால்தான் இலக்கு, வரம்பின் கீழ்ப்பாதி: சுமார் 1 முதல் 2.5 வரை. கிரியாட்டினின் ஏறிய பூனையில் டி4 0.6 என்று வந்தால் முதலில் செய்ய வேண்டியது மருந்தைக் குறைப்பது.

ஆகவே அடுத்த பரிசோதனையில் டி4 மட்டும் போதாது. கிரியாட்டினின், யூரியா, பொட்டாசியம், ஏஎல்டி என்ற கல்லீரல் என்சைம், முழு ரத்த எண்ணிக்கை, சிறுநீரின் அடர்த்தி எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். ஏஎல்டி இப்போது அதிகமாக இருந்தால் பெரும்பாலும் தைராய்டின் விளைவுதான், அது அடங்கினால் தானே இறங்கும். சர்க்கரையையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, தின்றும் இளைப்பது நீரிழிவிலும் உண்டு. மருந்தின் அளவு தீர்மானமாகும்வரை இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு மூன்று மாதத்திலும், எல்லாம் சீராக இருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் ரத்தம் பார்க்க வேண்டும். மாத்திரை கொடுத்து எத்தனை மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பது என்பது முக்கியமில்லை. அந்த வாரத்தில் ஒரு வேளையும் தவறாமல் கொடுத்தீர்களா என்பதுதான் முக்கியம். செலவு இருக்கத்தான் செய்யும், மறைக்க விரும்பவில்லை. ஆனால் மாத்திரையின் விலை சொற்பம், பணம் பரிசோதனைகளுக்குத்தான் போகும். கையைக் கடித்தால் டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். டி4, கிரியாட்டினின், ரத்த அழுத்தம் மூன்றையும் விடாமல் மற்றதைத் தள்ளிப்போடலாம். ஒரத்தநாடு, நாமக்கல், சென்னை வேப்பேரி ஆகிய ஊர்களின் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளும் உங்களுக்கு உண்டு. சிக்கலான பூனை என்று உங்கள் டாக்டர் நினைத்தால் அங்கே எழுதிக்கொடுப்பார்.

ரத்த அழுத்தத்தைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வார்த்தையும் இல்லை, அதனால் யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். என்னிடம் ஒரு 14 வயதுச் செம்பட்டைப் பூனையைக் கொண்டுவந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நடுக்கூடத்தில் நின்று அழும். பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது என்று பாட்டி அதைக் கொல்லையில் விடச் சொல்லியிருந்தார். மேசையில் விட்டதும் அது மேசையின் ஓரம் தெரியாமல் காலை வெளியே வைத்தது. கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தால் இரண்டு கண்மணியும் அகல விரிந்தபடியே நின்றன. பிரஷர் 200-க்கு மேல், விழித்திரை பிரிந்திருந்தது. இருட்டில் எங்கே நிற்கிறோம் என்று புரியாமல்தான் அது அழுதிருக்கிறது. பார்வையில் கொஞ்சம்தான் திரும்பியது. பிரஷரும் தைராய்டும் அடங்கிய பிறகு இரவில் அழுவது நின்றுவிட்டது.

பூனையின் ரத்த அழுத்தத்தில் மேல் எண் 160-ஐத் தாண்டினால் கவனம், 180-ஐத் தாண்டினால் கண்ணுக்கும் மூளைக்கும் உடனடி ஆபத்து. ஆஸ்பத்திரிப் பயத்திலேயே அளவு ஏறும் என்பதால், கூடையோடு அமைதியான அறையில் பத்து நிமிடம் உட்காரவைத்துவிட்டு, உங்கள் மடியிலேயே வைத்து நாலைந்து முறை அளந்து சராசரி எடுக்கச் சொல்லுங்கள். வீட்டுத் துண்டு ஒன்றைக் கூடையில் போட்டுக் கொண்டுபோங்கள், பழகிய வாசனை அதைச் சாந்தப்படுத்தும். அழுத்தம் அதிகம் என்றால் அம்லோடிபின் கொடுப்பார்கள், பெரும்பாலும் 2.5 மி.கி. மாத்திரையில் கால் பங்கிலிருந்து. தைராய்டு அடங்கிய பிறகு புதிதாகப் பிரஷர் ஏறும் பூனைகளும் உண்டு, எனவே ஒவ்வொரு பரிசோதனையிலும் பார்க்க வேண்டும். இதயத்தில் முணுமுணுப்பு கேட்கிறது என்று டாக்டர் சொன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பது நல்லது. தைராய்டால் தடித்த இதயச் சுவர், சிகிச்சையில் நிறையப் பூனைகளுக்குப் பழையபடி திரும்பும்.

சாப்பாட்டிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். அயோடினை மிகக் குறைத்துத் தயாரித்த ஒய்/டி என்ற உணவு ஒன்று உண்டு. அயோடின் இல்லாமல் சுரப்பியால் ஹார்மோன் செய்ய முடியாது என்ற கணக்கு. வேலையும் செய்கிறது, ஆனால் அந்த ஒன்றைத் தவிர வேறு ஒரு வாய் கூடத் தின்னக் கூடாது. கடல் மீனில் அயோடின் ஏராளம். உங்கள் வீட்டில் மீன் பழகிய பூனை, அடுப்படியில் நெத்திலி ஆயும்போது காலடியில் வந்து நிற்கும், பக்கத்து வீட்டிலும் போய் வாங்கித் தின்னும். நம் வீடுகளில் இந்த முறை நிற்காது என்பது என் அபிப்பிராயம், மருந்தில்தான் நம்பிக்கை வையுங்கள். மருந்து கொடுக்கும் பூனைக்கு மீனை நிறுத்த வேண்டிய அவசியமில்லை. ஆனால் வேகவைத்துக் கொடுங்கள். பச்சை மத்தியிலும் நெத்திலியிலும் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கும் பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். தைராய்டு அதிகமான பூனைக்கு ஏற்கெனவே பி வைட்டமின் வேகமாகச் செலவாகும். தலையைத் தூக்க முடியாமல் முகவாய் மார்பில் படும்படி தொங்கவிட்டால் தயமின் குறைவோ பொட்டாசியம் குறைவோ இருக்கலாம், உடனே காட்டுங்கள்.

இழந்த தசை திரும்ப வரப் புரதம் வேண்டும். கோழி, முட்டை, மீன் என்று நாளைக்கு நாலைந்து வேளை சின்னச் சின்னதாக வையுங்கள், கூடவே பூனைகளுக்கான முழு உணவும் வேண்டும், வெறும் மீன் சோறு போதாது. வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம். சிறுநீரகப் பிரச்சினை பின்னால் தெரியவந்தால் அப்போது உணவை மாற்றிக்கொள்ளலாம், இப்போதே முன்கூட்டிப் புரதத்தைக் குறைத்துவிடாதீர்கள். திருச்சி வெயிலில் இந்தப் பூனைகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் துவளும், உடம்பே சூட்டில் ஓடுவதால். குளியலறைத் தரையைத் தேடிப்போய்ப் படுப்பது அதனால்தான். வீட்டில் மூன்று நான்கு இடத்தில் அகலமான மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி.

அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் முதல் தரமான சிகிச்சை கதிரியக்க அயோடின். அயோடின்-131-ஐ ஒரே ஒரு ஊசியாகத் தோலுக்கடியில் போடுவார்கள். அது நேராக வீங்கிய சுரப்பிக்குப் போய் அதை மட்டும் அழிக்கும், 95 சதவீதப் பூனைகளுக்கு அதோடு தீர்ந்துவிடும். கதிரியக்கம் தணியும்வரை பூனையைத் தனியறையில் வைத்திருக்க வேண்டும் என்பதால் அதற்கென அமைத்த இடமும் உரிமமும் வேண்டும். நம் ஊர்ப் பூனை வளர்ப்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ளக்கூடிய வழியாக அது இன்னும் இல்லை. அறுவை சிகிச்சை நடைமுறையில் சாத்தியம், முகச் சொறி வந்து மருந்தே ஆகாத பூனைக்கு அதைத்தான் யோசிப்பேன். ஆனால் தைராய்டை ஒட்டியே கால்சியத்தைக் காக்கும் குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றன. அவை சேதமானால் இரண்டு மூன்று நாளில் கால்சியம் இறங்கி வலிப்பு வரலாம், இதயம் தளர்ந்த பூனைக்கு மயக்க மருந்தும் ஆபத்து. முன்கூட்டியே சில வாரம் மாத்திரையால் தைராய்டை அடக்கிவிட்டு, கைதேர்ந்த சர்ஜன் கிடைத்தால் மட்டும்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியதில் ஆகப் பயனுள்ளது வாராவாரம் எடை பார்ப்பது. குளியலறைத் தராசில் பூனையோடு ஏறி உங்கள் எடையைக் கழிப்பது இந்த வேலைக்குப் போதாது, அது அரைக் கிலோ முன்னே பின்னே காட்டும். கிராமில் காட்டும் சமையலறைத் தராசு, ஐந்து கிலோ வரை தாங்குவது, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கூடை. கூடையை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டுப் பூனையை உட்காரவையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பாட்டுக்கு முன்னால் என்று ஒரே நேரம் வைத்துக்கொண்டு காலண்டர் தாளிலேயே எழுதிவையுங்கள். மருந்து சரியாக வேலை செய்தால் மாதத்தில் 100, 150 கிராம் ஏறும். நன்றாகத் தின்றும் இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். டி4 சரியாக வந்தும் எடை மட்டும் இறங்குகிறது என்றால் குடலில் ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும். இந்த வயதில் குடல் லிம்போமா என்ற புற்றுநோயும் தைராய்டும் ஒரே பூனையில் இருப்பது உண்டு. பல்வலியையும் மறந்துவிட வேண்டாம்.

எடையோடு, தூங்கும்போது மூச்சையும் எண்ணிப் பழகுங்கள். நெஞ்சு ஒருமுறை ஏறி இறங்குவது ஒன்று. நிமிடத்துக்கு 30-க்குக் கீழே இருக்க வேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டருக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, திடீரென்று சுவரில் முட்டுவது, பின்னங்கால்கள் இரண்டும் இழுத்துக்கொண்டு சில்லிட்டுப்போய் வலியில் அலறுவது, இந்த மூன்றில் எது வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்ப வேண்டும். கடைசியாகச் சொன்னது இதயத்திலிருந்து ரத்தக்கட்டி இறங்கிக் காலுக்குப் போகும் குழாயை அடைப்பதால் வருவது. தைலம் தேய்த்து விடியும்வரை பார்ப்போம் என்று இருந்துவிடக் கூடாது. உங்கள் பக்கத்தில் இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்று இப்போதே விசாரித்து, போன் நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும், அப்பா போனிலும், போட்டுவையுங்கள்.